நரை, திரை, மூப்பு: பெப்டைடு பூச்சுகள் பற்றி ஒரு சிந்தனை

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றனையும் ஒருசேரச் சொல்லுதல் தமிழ் மரபு. மயிர் வெளுத்தல் நரை. தோல் மடிந்து சுருங்குதல் திரை. இவ்விரண்டும் கூட உடல் தளர்தல் மூப்பு. கடலின் அலையையும் முகத்தின் சுருக்கத்தையும் 'திரை' என்னும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், இரண்டுமே தடுத்து நிறுத்த இயலாதவை என்பதனையும் உணர்ந்திருந்தனர் போலும். ஆண்டு பல கடந்தும் நரையில்லையே, எங்ஙனம் என்று கேட்டவர்க்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் விடையிறுத்தார். மனைவியும் மக்களும் மாண்புடையர். ஏவலர் குறிப்பறிந்து நடப்பர். வேந்தன் அல்லவை செய்யான். ஊரில் சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்பதே அவ்விடையின் சாரம். அதில் மூலிகையும் இல்லை, மருந்தும் இல்லை. பின்னர் வந்த சித்தர்களோ காயகற்பம் தேடினர். ஆக, மூப்பை எதிர்கொள்வதில் இருவேறு நெறிகள் நம் இலக்கியத்திலேயே உள்ளன. ஒன்று வாழ்வைத் திருத்துவது. மற்றொன்று உடலைத் திருத்துவது.

இன்று இரண்டாம் நெறி கண்ணாடிக் குப்பியில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளது. கைப்பேசியைத் திறந்தால் 'பெப்டைடு சீரம்', 'பெப்டைடு கிரீம்' என்னும் விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள அழகுப்பொருள் கடைகளிலும் இச்சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. சிப்காட் வளாகத்தில் இரவுப் பணி முடித்துக் காலைத் தொடர்வண்டியில் திரும்பும் பெண்களும், நம் கல்லூரி மாணவர்களும், ஏன், நம்மோடு பணிபுரியும் ஆசிரியர் சிலரும் இக்குப்பிகளை வாங்குகின்றனர். முப்பது மில்லி அளவுள்ள ஒரு குப்பிக்குப் பல நூறு ரூபாய் கொடுக்கவேண்டியுள்ளது. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. எனவே இப்பொருள் உண்மையில் என்ன செய்கிறது, தீங்கு விளைக்குமா, கொடுத்த விலைக்குத் தகுமா என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். விற்கப்படுவதில் பாதி பொருள், பாதி சொல். சொல்லை ஆராய்வது எம் தொழிலே அன்றோ!

எழுத்தும் சீரும் பாவும்

பெப்டைடு என்பதனை யாப்பிலக்கணம் கற்ற மாணவர் எளிதில் உணரலாம். எழுத்துகள் சேர்ந்து அசையாகும். அசைகள் சேர்ந்து சீராகும். சீர்கள் தொடர்ந்து அடியாகி, அடிகள் கூடிப் பாவாகும். உயிர்களின் உடலிலும் இத்தகைய அடுக்கு ஒன்று உண்டு. அமினோ அமிலங்கள் என்னும் எழுத்துகள் அடிப்படையில் இருபது. அவற்றுள் இரண்டோ, மூன்றோ, ஐந்தோ, பத்தோ கோத்தால் அமையும் சிறு சங்கிலியே பெப்டைடு. சங்கிலி நீண்டு, மடிந்து, ஓர் உருப்பெற்றால் அது புரதம். எமில் பிஷர் என்னும் செருமானிய வேதியியலறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பெப்டைடு' என்னும் பெயரை வழங்கினார். நீரிழிவு நோயாளர் ஊசிவழி ஏற்றும் இன்சுலின் ஐம்பத்தோர் அமினோ அமிலங்களால் ஆனது. எனவே பெப்டைடு என்பது ஒரு தனிப்பொருளின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். 'பெப்டைடு நல்லது' என்பது 'செய்யுள் நல்லது' என்பதைப் போன்றது. எந்தச் செய்யுள் என்று கேட்டாலன்றி அக்கூற்றுக்குப் பொருளில்லை.

சென்னை கண்ட மூவிழை

தோலின் உறுதிக்கும் மென்மைக்கும் அடித்தளமாயிருப்பது கொலாஜன் என்னும் புரதம். அதன் கட்டமைப்பை உலகுக்கு உணர்த்தியதில் நம் மாநிலத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதனை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரனும் அவர்தம் ஆய்வுத் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்னும் கருத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அவ்விழைகளில் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் சிறிய அமினோ அமிலமே வந்து நிற்கும். எதுகை தவறாத செய்யுளைப் போன்ற அவ்வொழுங்கே கயிற்றின் வலிமைக்குக் காரணம். 1963-இல் அவரும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட, பெப்டைடு சங்கிலிகள் எவ்வெவ்வாறு மடங்க இயலும் என்பதனைக் காட்டும் வரைபடம், இன்றும் உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்கப்படுகிறது.

கொலாஜன் நம் சமுதாயத்தாருக்கும் அயலான பொருளன்று. பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட நம் பெரியோர் நாள்தோறும் கையாண்டது கொலாஜனையே. பதனிடுதல் என்பது அவ்விழைகளை அழுகாவண்ணம் பிணைத்து நிறுத்துவதாகும். அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அத்தொழிலுக்கு அறிவியல் துணை நின்றது. விலங்கின் தோலை வினைப்பொருளால் நிலைநிறுத்த முடிந்தது. உயிருள்ள மனிதத் தோலோ வேறு. அதில் கொலாஜன் ஓயாது சிதைந்தும் புதிதாகத் தோன்றியும் வருகிறது. வயது ஏறஏறத் தோற்றம் குறைந்து சிதைவு மிகுகிறது. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களும் புகையிலையும் அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. திரை விழுவது அதனால்தான்.

பூச்சு உள்ளே செல்லுமா?

பெப்டைடு விற்போர் கூறும் வாதம் எளிமையானது. கொலாஜன் சிதையும்போது உதிரும் சிறு துண்டுகளை உடல் ஒரு செய்தியாகக் கொள்கிறது. 'சிதைவு நேர்ந்தது, புதிது செய்' என்பதே அச்செய்தி. ஆகவே அத்துண்டினைச் செயற்கையாகச் செய்து பூசினால் தோல் ஏமாந்து புதிய கொலாஜனை உண்டாக்கும் என்பது அவர்தம் கருத்து. இது கற்பனைக் கதையன்று. ஆய்வகத்தில் உயிரணுக்களின்மேல் சோதித்தபோது இதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. அமெரிக்க ஆய்வாளர் லோரன் பிக்கார்ட் 1973-இல் மனிதக் குருதியிலிருந்து மூன்று அமினோ அமிலங்களாலான ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். செம்போடு சேர்ந்த அதன் வடிவமே இன்று 'காப்பர் பெப்டைடு' என்று விற்கப்படுகிறது. கொலாஜனின் முன்வடிவத்திலுள்ள ஐந்து அமினோ அமிலத் துண்டொன்று உயிரணுக்களைத் தூண்டுவதை 1993-இல் கண்டறிந்தனர். அதனோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்துப் பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்த பொருளே 'மேட்ரிக்சில்'.

ஆனால் ஆய்வகத் தட்டிலுள்ள உயிரணு வேறு, முகத்திலுள்ள தோல் வேறு. தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்கள் செங்கல்லாகவும் கொழுப்பு சாந்தாகவும் அடுக்கப்பட்ட மதில் ஒன்றுண்டு. தாளினும் மெல்லியதாயினும் அம்மதில் எளிதில் வழிவிடுவதில்லை. ஐந்நூறு டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் அதனைக் கடப்பது அரிது என்பது 2000-ஆம் ஆண்டில் வகுத்துக் கூறப்பட்ட பொதுவிதி. முழுக் கொலாஜனோ ஏறத்தாழ மூன்று இலட்சம் டால்டன் எடையுடையது. எனவே 'கொலாஜன் கிரீம்' பூசினால் கொலாஜன் உள்ளே சென்று சேரும் என்பது, யானை ஊசிக்காதில் நுழைந்தது என்பதற்கு ஒப்பாகும். அது மேற்பரப்பில் தங்கி ஈரத்தைக் காக்கும், அவ்வளவே. சிறு பெப்டைடுகள் ஓரளவு நுழையக்கூடும். ஆனால் அவையும் நீரை நாடும் இயல்பின. வழியிலேயே நொதிகளால் அறுபடுவன. கொழுப்பமிலத்தை ஒட்டவைப்பது இத்தடையைத் தளர்த்துவதற்கே.

சான்றுகளின் அளவையும் நோக்குதல் வேண்டும். மேட்ரிக்சில் பெப்டைடை வைத்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், 35 முதல் 55 வயது வரையுள்ள 93 பெண்கள் பன்னிரண்டு வாரம் முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கலந்த பூச்சையும் மறுபாதியில் கலவாத பூச்சையும் இட்டனர். எந்தப் பாதியில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெப்டைடு பாதியில் மென்சுருக்கங்கள் சிறிது குறைந்திருந்தன. பயன் உண்டு, ஆனால் அது சிறிது. அவ்வாய்வைச் செய்தோர் அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றைச் சார்ந்தவர். பங்கேற்றோர் யாவரும் வெள்ளைத் தோலினர். நம்மைப் போன்ற மாநிறத்தாரிடம் சுருக்கம் சற்றுப் பிந்தியே தோன்றும். கரும்புள்ளியும் நிறமாற்றமும் முந்தித் தோன்றும். அங்குக் கண்ட பயன் இங்கும் அப்படியே கிட்டும் என்று கொள்ளுதற்கில்லை.

'ஊசியில்லாப் போட்டாக்ஸ்' என்று புகழப்படும் 'ஆர்ஜிரலைன்' மற்றொன்று. ஆறு அமினோ அமிலங்களாலான இது நரம்பு தசைக்கு அனுப்பும் ஆணையை மட்டுப்படுத்துகிறது என்பர். பத்து விழுக்காடு கலந்த பூச்சை முப்பது நாள் இட்டபோது சுருக்கத்தின் ஆழம் முப்பது விழுக்காடு வரை குறைந்தது என 2002-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. விளம்பரங்கள் அம்முப்பதை எடுத்தோதுகின்றன. பங்கேற்ற பெண்கள் பத்துப் பேர் மட்டுமே என்பதனை எடுத்தோதுவார் இல்லை. அதன் எடையும் ஐந்நூறு டால்டன் வரம்பைத் தாண்டியது. தோலடியிலுள்ள தசைவரை அது எவ்வளவு சென்று சேரும் என்னும் ஐயம் அதனால் எழுகிறது.

அருந்தும் கொலாஜன்

பூசுவதோடு அமையாது, கொலாஜன் பொடியைப் பாலிலும் நீரிலும் கலந்து பருகும் வழக்கமும் பரவி வருகிறது. வயிற்றில் சென்ற புரதம் எதுவாயினும் செரித்துச் சிறு பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் பிரிந்தே குருதியில் கலக்கும். முகத்துக்குச் செல்க என்று அதற்கு எவரும் முகவரி எழுதி அனுப்ப இயலாது. 1,474 பேர் பங்கேற்ற 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 2025-இல் வெளிவந்தது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பயன் இருப்பதுபோல் தோன்றியது. நிறுவனங்களின் பொருளுதவி பெறாத ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது அப்பயன் காணப்படவில்லை. இந்த ஒரு செய்தியே நம் கண்களைத் திறக்கப் போதுமானது.

நம் இல்லத்தார் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. பூச்சுகளில் சேரும் பெப்டைடுகள் பெரும்பாலும் வேதியியல் முறையில் ஆய்வகத்தில் கோக்கப்படுபவை. விலங்கின் தொடர்பு அவற்றுக்குக் குறைவு. பருகும் கொலாஜனோ மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பு, செதில் ஆகியவற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. எவ்விலங்கிலிருந்து வந்தது, அது ஆகுமானதா என்று கேட்டறியாமல் வாங்குவது நமக்கு முறையாகாது. மூலத்தை வெளிப்படையாகச் சொல்லாத நிறுவனத்தின் பொருளை விலக்குவதே நன்று.

தீங்கு எங்கே உள்ளது?

'இவையெல்லாம் நஞ்சு, முகத்தைப் பாழாக்கும்' என்று பெரியோர் சிலர் ஒரே அடியாகக் கடிந்துரைப்பதைக் கேட்கிறோம். அவர்தம் அக்கறை போற்றற்குரியது. கூற்றோ முழுதும் சரியன்று. அழகுப்பூச்சில் கலக்கும் பெப்டைடுகளின் அளவு மிகக் குறைவு. மேலே கூறிய 2005 ஆய்வில் அது பத்து இலட்சத்தில் மூன்று பங்கே. இத்தகைய பூச்சுகளால் சிலருக்கு எரிச்சலோ ஒவ்வாமையோ நேரலாம். அதுவும் பெரும்பாலும் உடன் சேர்ந்த நறுமணப் பொருளாலோ கெடாமற்காக்கும் பொருளாலோ நேர்வது. மேற்பூச்சான பெப்டைடு பெருந்தீங்கு செய்ததாகச் சான்றில்லை.

உண்மையான தீங்கு வேறிடத்தில் உள்ளது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளர் 22 பேரை ஆராய்ந்தனர். அவருள் 15 பேருக்கு அந்நோயின் அரியதொரு வகை இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியிருந்தனர். அப்பூச்சுகளில் இருந்தது பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதனையிட்டுப் பல பொருள்களைக் கைப்பற்றியது. பெப்டைடுக்கும் இந்நிகழ்ச்சிக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே அலமாரியில் விற்கப்படுகின்றன. ஒரே ஆசையை நோக்கிப் பேசுகின்றன. உரிமம் இல்லாத, செய்தவர் பெயரில்லாத குப்பியில் 'பெப்டைடு' என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே இருப்பது பெப்டைடுதான் என்பதற்கு என்ன உறுதி? பாதரசமோ, தோலை மெலிவிக்கும் ஸ்டீராய்டோ அதில் இருக்கலாம். நடுவண் அரசு 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்று பட்டியலிட்டது இக்கேட்டினை உணர்ந்தே ஆகும்.

இரண்டாவது தீங்கு ஊசி. குளூட்டாதயோன் என்பதும் மூன்று அமினோ அமிலங்களாலான ஒரு பெப்டைடே. அதனைச் சிவப்பழகுக்கென நரம்புவழி ஏற்றும் வழக்கம் அழகு நிலையங்கள் வரை பரவியுள்ளது. பிலிப்பைன்சு நாட்டு மருந்துத் துறை 2011-லும் 2019-லும் இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்க மருந்துத் துறையும் 2023-இல் ஊசிவழி ஏற்றும் காப்பர் பெப்டைடைப் பாதுகாப்பில் ஐயமுள்ள பொருள்களின் வரிசையில் வைத்தது. தோலின் மதில் பூச்சின் பயனைக் குறைக்கிறது என்றோம். அம்மதிலே நம்மைக் காக்கவும் செய்கிறது. ஊசி அம்மதிலைத் துளைத்து உட்புகுவது. அது மருத்துவர் கையில் மருந்தாகலாம். அழகு நிலையத்தில் ஆகாது.

தமிழில் ஒரு சிட்டை

இனி, சொல்லின் பக்கம் வருவோம். ஆங்கிலச் சிட்டையைக் கூர்ந்து படிப்போர்க்கு ஒன்று புலப்படும். 'சுருக்கத்தை நீக்கும்' என்று அங்கே பெரும்பாலும் இராது. 'சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்றே இருக்கும். சட்டத்துக்கு அஞ்சிய எழுத்து அது. உடலின் செயலையே மாற்றும் என்று சொன்னால் அது மருந்தாகிவிடும். மருந்துக்குரிய சோதனைகளைக் காட்டவேண்டி வரும். எனவே 'தோற்றம்', 'உதவும்' என்னும் இரு சொற்களின் பின்னே நிறுவனம் ஒளிந்துகொள்கிறது. அதே பொருள் தமிழில் பேசி விற்கப்படும்போது அவ்விரு சொற்களும் உதிர்ந்துவிடுகின்றன. 'சுருக்கம் போயே போய்விடும்' என்பது கடைக்காரர் வாக்கு. ஆங்கிலம் அறிந்தவர்க்கு ஓர் உண்மை, தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு வேறோர் உண்மை என்பது அறமாகுமா? வாங்குவோரைத் தவறான எண்ணத்துக்கு ஆளாக்கும் கூற்று எதுவும் கூடாதென்று 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் கூறுகின்றன. அவ்விதி கடையில் வாய்மொழியாகப் பேசப்படும் தமிழைச் சென்று தொடுவதில்லை.

பொட்டலப் பொருள்களின் சிட்டை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும், பிற மொழியைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதே இன்றுள்ள நிலை. தமிழ்நாட்டில் விற்கும் பொருளில் தமிழ் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. இதனை மாற்றக் கோருவது மொழிப்பற்று மட்டுமன்று, உடல்நலக் கடமையும் ஆகும். உட்பொருள், எச்சரிக்கை, பயன்படுத்தும் முறை ஆகிய மூன்றேனும் தமிழில் இருத்தல் வேண்டும். அக்கலைச்சொற்களை ஆக்கித் தருதல் தமிழ்த்துறைகளின் பொறுப்பு. வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய பணி இது.

அதுவரை மாணவர்கள் தம் வீட்டாருக்குச் சிட்டை படித்துச் சொல்லலாம். ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட உட்பொருள்கள் மிகுதியிலிருந்து குறைவு என்னும் வரிசையில் எழுதப்படும்; அதற்குக் கீழ்ப்பட்டவை எவ்வரிசையிலும் வரலாம். பெப்டைடின் பெயர் கடைசியில் கிடந்தால் அதன் அளவு மிகச் சிறிது என்று அறிக. செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், காலாவதி நாள் ஆகியன உண்டா என்று நோக்குக. அயல்நாட்டுப் பொருளாயின் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். இவை இல்லாத குப்பியை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கற்க.

எளிய வழி எது?

தோலைக் காப்பதில் வலிய சான்று பெற்றது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நாள்தோறும் வெயிற்காப்புப் பூச்சு இட்டோரிடம், விரும்பியபோது மட்டும் இட்டோரைவிடத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. வெயிலைத் தடுத்தலே திரையைத் தள்ளிப்போடும் முதல் வழி என்பது இதனால் தெளிவாகும். பழவேற்காட்டில் மீன் விற்கும் தாய்மார் முந்தானையைத் தலைக்கு முக்காடாக இடுவதும், நம் பெண்கள் துப்பட்டாவால் முகத்தை நிழற்றுவதும் செலவில்லாத காப்புகளே. கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் பற்றவைப்புப் பணி செய்யும் இளைஞர் கவனிக்க: அத்தீப்பொறியிலும் புறஊதாக் கதிர் உண்டு. முகக்கவசமும் கையுறையும் கண்ணைக் காப்பதோடு தோலையும் காக்கும். அவற்றை வழங்குவது ஆலையின் கடமை. அணிவது தொழிலாளியின் கடமை. பீடியும் சிகரெட்டும் விட்டால் நுரையீரலோடு முகமும் நன்றி கூறும். இவற்றின் பின்னும் மருந்து வேண்டுவோர் தோல் மருத்துவரை நாடுக. உயிர்ச்சத்து ஏ வழிவந்த டிரெட்டினாயின் களிம்புக்குப் பெப்டைடினும் வலிய சான்று உண்டு. ஆனால் அது மருத்துவர் சொற்படியே இடத்தக்கது, கருவுற்றோர் தவிர்க்கத்தக்கது.

அழகு பேணுதல் குற்றமன்று. பணமும் விருப்பமும் உள்ள ஒருவர், சிறு பயனே கிட்டும் என்று அறிந்து, உரிமம் பெற்ற பெப்டைடு பூச்சை வாங்குவாராயின் அவரைத் தடுக்க நாம் யார்? அறியாமல் வாங்குவதே வருந்தத்தக்கது. 1975 முதல் 'வெளுப்பே அழகு' என்று நமக்கு விற்ற பூச்சு ஒன்று 2020-இல் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் கருநிறத்துப் பெண்மக்கள் எத்தனை பேர் தம் முகத்தைத் தாமே வெறுத்திருப்பர்! நேற்று நிறத்தைக் குறையென்ற வாணிகம் இன்று வயதைக் குறையென்கிறது. இருபது வயது மாணவியிடம் மூப்புக்கு மருந்து விற்கும் காலம் இது.

மாணவச் செல்வங்களே! கொலாஜனின் மூவிழையைக் கண்டு சொன்ன நிலத்தில் பிறந்தவர்கள் நீங்கள். அப்பெயரைக் குப்பியில் கண்டு மயங்குவோராக அன்றி, அதன் பொருளை அறிந்து பிறர்க்கும் தமிழில் எடுத்துரைப்போராக விளங்குங்கள். இவ்வாண்டு நம் தமிழ் மன்றமும் வேதியியல் மன்றமும் இணைந்து, அழகுப்பொருள் சிட்டையைப் படிப்பது எப்படி என்னும் ஒரு சிறு கையேட்டைத் தமிழில் ஆக்கி, பொன்னேரி முதல் ஆரம்பாக்கம் வரையுள்ள ஊர்களின் பெண்களிடம் கொண்டு சேர்க்குமாயின், அது இம்மலரினும் நெடுநாள் பயன்தரும்.